அம்மாளாச்சி என்னிலை வரேல்லை

1.
அம்மன் கோயில் வீதியிலை நான் நித்திரையாப் போனதாலை வந்த கதை இது. முதலே சொல்லிப்போட்டன், பிறகு ஏமாத்திப்போட்டாள் எண்டு சொல்லக்கூடாது.

முதல் தொடக்கம்: நீர்வேலியிலை லவீனா எண்டு பதினாறு வயசுப் பெட்டை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, மாறி

விடுங்கோ. லவீனா நான்தான். போர்வைக்குள்ளை போன் வெளிச்சத்திலை எழுதுறன். பக்கத்துப் பாயிலை அம்மா குறட்டை.

2.
அந்தப் புற்றுநோய் வருத்தம் மாறினால் நான் தேருக்கு அடி அழிப்பன் எண்டு அம்மா நேர்ந்து வைச்சவ. (என்னைக் கேக்கேல்லை.) தேருக்குப் பின்னாலை விழுந்து கும்பிட்டு, எழும்பி நடந்து, திரும்ப விழுந்து, வீதி முழுக்கச் சுத்தவேணும். மருந்தெல்லாம் முடிஞ்சும் பல்லுத் தீட்டவே களைக்கிற ஆளுக்கு இது. தெற்கு வீதியிலை விழுந்தன். மணல் இளஞ்சூடு. எழும்பேல்லை.

நித்திரை. வாய் திறந்த நித்திரை.

சனம் என்னிலை அம்மாளாச்சி வந்திட்டா எண்டுட்டுது. மஞ்சள் தண்ணி, திருநீறு, தேசிக்காய். தர்சிகா மாமி என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு, "தாயே, என்ரை மகன் சுபாஸுக்குக் கனடா சரிவருமோ?" எண்டு கேக்கிறா. நான் கனவிலை ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டிருந்தன். "ம்" எண்டன். மாமி சுவெற்றரே வாங்கிப்போட்டா.

(நீங்களும் சிரிக்கிறியளோ? நான் போர்வையைக் கடிச்சுக்கொண்டு சிரிக்கிறன்.)

3.
இந்த லவீனாவிலை எனக்கு நம்பிக்கையில்லை. பகிடி விட்டு விட்டு ஒண்டை ஒளிக்கிறாள்.

கிளினிக்கிலை டொக்டர் சொன்னவர், மருந்துக்குப் பிறகும் களைப்புக் கனகாலம் இருக்கும், பயப்பிடாதை, கூடினால் மட்டும் வந்து சொல்லு எண்டு. கூடியிட்டுது. போனமுறை வருத்தம் வரேக்கையும் முதல் வந்தது களைப்புத்தான்.

அம்மாட்டைச் சொல்லலாம். ஆனா எனக்கு வருத்தம் வந்த நாளிலயிருந்து அம்மா ஒழுங்கா நித்திரை கொண்டதில்லை. நான் மூச்சு விடுறனோ எண்டு மூக்கிலை விரல் வைச்சுப் பாப்பா. தேருக்குப் பிறகுதான் இந்தக் குறட்டை. "அம்மாளாச்சி வந்த உடம்பிலை இனி வருத்தம் என்னண்டு வரும்?" எண்டு றோட்டாலை போற ஆக்களையும் மறிச்சுக் கேக்கிறா.

4. முடிவுகள்
அ) லவீனா சொல்லுறாள். டொக்டர் வெறுங் களைப்புத்தான் எண்டுறார். சுபாஸுக்கு விசாவும் கிடைக்குது. (கூடிப்போச்சு.)
ஆ) சொல்லேல்லை. அம்மா வடிவா நித்திரை கொள்ளுறா. லவீனா
இ)

பொறுங்கோ. குறட்டை நிண்டிட்டுது.

என்ரை மூக்குக்குக் கிட்ட ஒரு விரல் வருது. மஞ்சள் மணக்குது.

"பிள்ளை, நித்திரையோ?"

ஓம் எண்டாலும் பிடிபடுவன், இல்லை எண்டாலும் பிடிபடுவன்.

"அம்மா, அண்டைக்குத் தெற்கு வீதியிலை" எண்டு துடங்கிப்போட்டன். மிச்சத்தை நீங்களே எழுதுங்கோ. அம்மா என்ரை கையைப் பிடிச்சிட்டா, ஒற்றைக் கையாலை எனக்கு எழுத