காகிதச் சிறுமி யாரைப் பார்க்கிறாள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் சரக்கில்லை. மாடி வீட்டுப் பெண்மணி படிக்கட்டில் நின்று பத்து நிமிடத்தில் சொல்ல, நான் வாயைப் பிளந்து கேட்டது. போன் கேமரா வழியே பார்த்தால், இல்லாத பொருள் அறைக்குள் நிற்பதுபோல் காட்டும் எஃபெக்ட்களைச் செய்வது அவர் வேலை. எஃபெக்ட்காரி என்றே எழுதுகிறேன். (அவரிடம் கேட்டுவிட்டேன். சிரித்தார்.)

2

முதல் தொடக்கம்: "ஆஸ்பத்திரிக் கூரையில் ஒரு விரிசல். அதையே பார்த்தபடி அவன்..."

வேண்டாம், அழுமூஞ்சிக் கதையாகிவிடும்.

இப்படித் தொடங்குகிறேன். எஃபெக்ட்காரியின் தம்பி லாரி ஓட்டுநர். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் மல்லாந்தே கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வார்டுக்குள் குழந்தைகளை விடுவார்கள். அவனுடைய ஆறு வயது மகள் தன்னையே வரைந்து அத்தையிடம் கொடுத்தாள். முன்பல் இல்லாத சிரிப்பு, ஒரு கை மட்டும் ஏகத்துக்கு நீளம்.

"அப்பா பக்கத்துல இது நிக்கணும். அவர் எப்படிப் பாத்தாலும் அவரையே பாக்கணும். பாத்துச்சான்னு ஞாயித்துக்கிழமை கேப்பேன்."

தம்பி ஊருக்கெல்லாம் புளுகுவான், மகளிடம் மட்டும் மாட்டான். சிக்கலே அதுதான்.

3

காகிதத்துக்குக் கனம் இல்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் வெறும் கோடு. எனவே கேமரா போகும் பக்கமெல்லாம் படமும் திரும்ப வேண்டும்.*

மேலிருந்து பார்க்கும்போது மல்லாந்து விழுந்துவிடாமல் இருக்க, நின்ற வாக்கிலேயே இடவலமாக மட்டும் திரும்பும்படி அதைப் பூட்டுவது வழக்கமாம். எஃபெக்ட்காரியும் பூட்டினார். வீடெல்லாம் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். படம் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் வார்டுக்குப் போய், மல்லாந்து கிடப்பவன் கண்ணில் படும்படி படத்தைக் கட்டிலுக்கு மேலே நிறுத்தி, தம்பி கையில் போனைக் கொடுத்தார்.

"அக்கா, ஒரு கோடுதான் தெரியுது."

* முதல் தடவை முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியதாம். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு என்றார்.

4

இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது: "அவர் கணினியில் ஒரு வரியை மாற்றினார். சரியாகிவிட்டது." வாங்கிப் படித்தவர் முகம் சுருங்கியது.

"நான் தரையில படுத்தத ஏன் விட்டுட்டீங்க? வேலையே அதுதான்."

சரி, அப்படியே எழுதுகிறேன். அவர் தம்பியோடு வாதாடவில்லை. கைப்பையைத் தலைக்கு வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வார்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். போனை முகத்துக்கு மேலே பிடித்தார். காகிதச் சிறுமி கூரைக்கும் அவருக்கும் நடுவே விறைப்பாக நின்றாள். கீழே இருப்பவருக்குத் தெரிந்தது காகிதத்தின் அடிவிளிம்பு மட்டும்.

"இத்தனை வருஷமா நிக்கிறவங்களுக்கு மட்டும்தான்டா செஞ்சிருக்கேன்."

நர்ஸ் வந்து, "எழுந்திருங்கம்மா" என்றார்.

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர்."

மடிக்கணினியை வயிற்றில் வைத்துப் பூட்டை அவிழ்த்தார். சிறுமி முகம் காட்டினாள், ஆனால் கோணலாக. மேல் என்றால் கூரைதான் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது. போனின் உச்சி எந்தப் பக்கமோ அதுதான் மேல் என்று மாற்றிச் சொன்னார். இரண்டு நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது.

நானாக இருந்தால் தம்பியைக் கொஞ்சம் தலையைத் தூக்கச் சொல்லியிருப்பேன். இந்தப் பெண்மணியை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

5

முடிவு (அ): மகள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு... முதுகில் தையல் இருக்கிறது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): ஞாயிற்றுக்கிழமை. தம்பி தன் போனில் படுத்தபடி பார்த்தான். மகள் அத்தையின் போனில் நின்றபடி பார்த்தாள். இரண்டிலும் அதே படம், அதே இடம்.

"பாக்குதாப்பா?"

"ஆமாம்மா. என்னையேதான் பாக்குது."

"இல்லப்பா, என்னையில்ல பாக்குது?"

அவனும் பொய் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவரும் அத்தையைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"என்ன தீர்ப்பு சொன்னீங்க?" என்று படிக்கட்டில் கேட்டேன்.

"நீங்க எங்கேருந்து பாக்குறீங்க, அத முதல்ல சொல்லுங்க" என்றார்.

நான் கீழ்ப்படியில் நின்றிருந்தேன். நீங்கள்?