பேய் இல்லை என்ற பலகை

"இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம்! அந்தத் தெருவுல தண்ணி தேங்கியிருக்கு!"

பொய். நியூ ஆர்லியன்ஸில் ஒரு வாரமாக மழையே இல்லை. ஒடீலியா சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஏறக்குறைய ஓடினாள். பேய் வீடுகளைப் பார்க்கப் பணம் கட்டிய கூட்டம் மூச்சிரைக்க அவள் பின்னால் வந்தது. டூமெய்ன் தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

வைக்கோல் தொப்பி போட்ட அந்த ஆள் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தார்.

இன்றும்!

ஒஹையோவிலிருந்து வந்திருந்த பருத்த பெண்மணி விசிறிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, பியானோ டீச்சர் வீடு எங்கே? என் தங்கச்சி போன மாசம் வந்துட்டு அதைத்தான் பெருசா பேசினா. மாடியில யாரோ நடக்கிற சத்தம் நிஜமாவே கேட்டுச்சாமே!"

"அங்க மராமத்து நடக்குதும்மா." இரண்டாவது பொய்.

"மராமத்தா?" தொப்பிக்காரர் வாயைத் திறந்தார். "மத்தியானம் அந்த வழியாத்தானே வந்தேன். ஒரு ஆணிகூட யாரும் அடிக்கலையே. அந்த வீட்டைத்தான் காட்டுங்களேன், மிஸ் ஒடீலியா."

பெயருக்கு முன்னால் அந்த 'மிஸ்'. ஒரு பெண்ணை அப்படி மரியாதையாகக் கூப்பிடுவது இந்த ஊரில் பிறந்தவர்கள்தான். ஊர்க்காரன் எவனாவது காசு கொடுத்துப் பேய் பார்க்க வருவானா? அதுவும் தினமும்?

விஷயம் இதுதான். டூமெய்ன் தெருவின் அந்தப் பழைய வீட்டில் பேயும் இல்லை, பியானோ டீச்சரும் இல்லை. மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலையில், கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க ஒடீலியா வாய்க்கு வந்ததை அளந்தாள். வராத மாணவனுக்காகக் காத்திருந்து செத்துப்போன பியானோ டீச்சர் மதாம் ஓரெலி. பொழுது சாயும் நேரத்தில் மாடியில் குதிகால் செருப்போடு நடக்கிறாளாம். கதை பிடித்துக்கொண்டது. ஒடீலியாவின் பிழைப்பே அந்தக் கதையில்தான் ஓடியது.

போன மாதம்தான் அது நடந்தது. வழக்கம்போல், "இப்ப கேளுங்க!" என்று கையை உயர்த்தினாள். பூட்டிக் கிடந்த மாடியில் டக், டக் என்று சத்தம் வந்தது. கூட்டம் கைதட்டியது. கற்பனை செய்தவள் மட்டும் மாடி ஜன்னலையே பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் அதே சத்தம்.

அதற்குள் வீட்டு உரிமையாளரின் தரகன் ஹாலோவே வந்து சேர்ந்தான். வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை. அதன் கீழே இரண்டு கொக்கிகளில் குட்டிப் பலகை ஒன்று: 'பேய் இல்லை.' இந்தப் பேட்டையில் அது சகஜம். பேய் உண்டு என்று மாட்டினால் ஒருவகை ஆள் வருவான், இல்லை என்று மாட்டினால் இன்னொரு வகை. ஹாலோவே பலகையோடு நிற்கவில்லை. அவளை நடுத்தெருவில் நிறுத்தினான்.

"இன்னொரு தரம் இந்த வீட்டு முன்னால பேய்ங்கிற வார்த்தை உன் வாயில வரட்டும். ஆதாரத்தோட நகராட்சிக்குப் போவேன். அடுத்த வாரம்தானே உன் வழிகாட்டி லைசென்ஸைப் புதுப்பிக்கணும்? நீ எப்படிப் புதுப்பிக்கிறேன்னு பார்க்கலாம்."

அன்றோடு அந்தத் தெருவுக்குள் நுழைவதை விட்டுவிட்டாள். மறுநாளே வைக்கோல் தொப்பி முளைத்தது. ஆதாரம் தேடி!

சதுக்கத்தின் ஓரம் கோவேறு கழுதை வண்டியோடு நின்றிருந்த ரெமி அவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"என்ன தாயி, உன் மாப்பிள்ளை இன்னைக்கும் வந்துட்டாரு போல?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாத ரெமி. அந்தாளு யாருன்னு தெரியுமா?"

"எங்கயோ பார்த்த மூஞ்சிதான். ஹாலோவே ஆளா இருக்கும். சட்டைப்பையைப் பாரு, உப்பியிருக்கு. போன்ல பதிவு பண்றான். நீ 'பே'ன்னு ஆரம்பிச்சாப் போதும், உன் லைசென்ஸை என் கழுதைக்குத் தீனியாப் போட்டுடலாம்."

"உன் கழுதைக்கே உன்னைவிட மூளை ஜாஸ்தி."

"அதான் அது நிக்குது, நான் இழுக்குறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதி வழியில் மதுக்கடையில் நிற்பது இந்த நடைப் பயணங்களின் வழக்கம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையை நிரப்பிக்கொண்டு கூட்டம் தெருவில் இறங்கும். எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். தொப்பிக்காரர் நுழையவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் சூரியனை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்த வழியே நடந்தார்.

எங்கே அவ்வளவு அவசரம்? ஹாலோவேயிடமா?

"இவங்களைக் கொஞ்சம் பார்த்துக்க, வந்துடறேன்" என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு ஒடீலியா பின்வாசல் வழியாக வெளியேறினாள். குடையை மடக்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். தொப்பி ஒரு முனையில் திரும்பியது, இன்னொரு முனையில் திரும்பியது. டூமெய்ன் தெரு!

அதே வீடு. பூட்டிய முன்கதவைத் தாண்டி, பக்கத்துச் சந்தின் இரும்புக் கேட்டருகே அவர் நின்றார். இருபுறமும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்தது போன் அல்ல. சாவி.

சந்தேகமே இல்லை. உரிமையாளரின் ஆள்தான். ஒடீலியா பாய்ந்துபோய்க் குடையின் முனையைக் கேட்டில் குறுக்கே வைத்தாள்.

"பிடிபட்டீங்களா! சாவி யார் கொடுத்தது? ஹாலோவேதானே?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா பேசுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எதுக்கு மெதுவா? என் வாயைக் கிளறிப் பதிவு பண்ணி என் சோத்துல மண்ணைப் போடத்தானே தினம் வர்றீங்க? மாடியில சத்தம் போட வெச்சதும் நீங்கதானா?"

"ஹாலோவேயா? அந்த ஆள் முன்கதவுப் பூட்டை மாத்தினான். பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறதே அவனுக்குத் தெரியாது." அவர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் வியர்வை. "என் பேர் அல்சிட். அந்த முனை ஹோட்டல்ல மத்தியானம் சிப்பி வறுக்கிறவன். என் சம்சாரம் இருந்த காலத்துலேர்ந்து இந்த மாடியிலதான் வாடகை. வாடகையை ஏத்தி வேற ஆளுக்கு விடணும்னு என்னைக் கிளப்பிட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? என் கதைமேல உங்களுக்கு என்ன கண்ணு?"

"நீங்க இந்தப் பக்கம் வர்றதை நிறுத்தினதும் வீடு பார்க்க ஆளு வர ஆரம்பிச்சாச்சு. நேத்து ஒரு புருஷன் பொண்டாட்டி ஜன்னலுக்குத் திரை அளந்தாங்க. நான் அலமாரிக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க கீழ கதை சொன்ன வரைக்கும் ஒருத்தனும் படியேறலை. அதான் தினமும் காசு கட்டி வந்து அந்த வீட்டைக் காட்டுங்கன்னு கேக்குறேன், நீங்க வந்தாலும் வரலாம்னு பொழுது சாயறதுக்குள்ள மேல ஓடி வந்துடறேன்."

ஒடீலியாவின் குடை தானாகத் தாழ்ந்தது. "அலமாரிக்குள்ளயா? அப்ப நீங்க..."

"கிளப்பினாங்க, நான் போகலை. போக இடம் வேணுமில்ல?" அவர் கேட்டை ஓசைப்படாமல் திறந்தார். "முதல்ல வெறுங்காலோட நடந்து பார்த்தேன், கீழ கேக்கலை. அப்புறம்தான் என் சம்சாரத்தோட குதிகால் செருப்பு ஞாபகம் வந்துது. போன மாசத்துலேர்ந்து மேல நடக்கிற டீச்சர் நான்தான், மிஸ் ஒடீலியா."