கவிழ்த்து வைத்த கரண்டி

அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை ஒருவர் சமைப்பதில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக நான்கு பேர் சமைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே. அம்மாவான அவள் பேருந்து ஓட்டுநர். மதியம் வேலைக்குக் கிளம்பும் முன் காய் நறுக்கி, பருப்பை ஊறவைத்துவிட்டுப் போவாள். பள்ளிவிட்டு வரும் பெரியவள் பானையை அடுப்பில் ஏற்றுவாள். சின்னவன் தட்டுகளைத் துடைத்து மேசையில் அடுக்குவான். வீட்டில் அவனுக்குப் பெயர் வாலு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் எந்த நேரத்தில் வருகிறானோ அந்த நேரத்தில் கிளறிவிடுவான். கடைசியாக அவள் வந்து இறக்கிவைப்பாள்.

இதில் ஒரே சிக்கல் உப்பு. பருப்பு வெந்ததும் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் போட வேண்டும். போட்டாயிற்றா இல்லையா என்று அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் மரக்கரண்டி. பானை மூடிமேல் கரண்டி நிமிர்ந்து கிடந்தால் உப்பு போடவில்லை. கவிழ்ந்து கிடந்தால் போட்டாயிற்று. யாரும் ருசி பார்ப்பதுகூட இல்லை. கரண்டி சொன்னால் சொன்னதுதான்.

போன வாரம் கணவனின் அக்கா வந்திருந்தார். அவர் வந்த அன்று பார்த்தா கேஸ் தீர வேண்டும்? பிள்ளைகள் ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனாருக்கு அது போதாதா!

"தாயும் தகப்பனும் நேரங்காலம் இல்லாம ஓடுறீங்க. பிள்ளைங்க காய்ஞ்ச ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்குதுங்க. வார நாள்ல என் வீட்டுல இருக்கட்டும். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க."

"யோசிக்கலாம்க்கா" என்றான் கணவன்.

அந்த 'யோசிக்கலாம்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாரம் முழுக்கப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து வருவதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. "வர்ற வியாழக்கிழமை நீங்களே வந்து எங்களோட சாப்பிடுங்க அண்ணி. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டாள். வாயை விட்டாயிற்று.

டிப்போவில் ஒரு தோழி அன்றைக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். "வேண்டாம்டி. லீவு போட்டுச் சமைச்சா அது சமையல் இல்ல, நாடகம். தினமும் எப்படியோ அப்படியே நடக்கட்டும்" என்று மறுத்துவிட்டாள். பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி போட்ட கெட்டியான சூப்பு, கூட வெறும் சோறு. எல்லா வியாழக்கிழமையும் அதுதான். அன்றும் அதுவேதான் என்று முடிவு செய்தாள்.

மாலை முழுக்கச் சிவப்பு விளக்குகளைத் திட்டித் தீர்த்தபடி பேருந்தை ஓட்டிவிட்டு, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல் வீட்டுக்கு ஓடி வந்தாள். வாசலிலேயே பருப்பு வெந்த மணம் வந்தது. கூடத்தில் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கணவன் அவருக்கு எதிரே பணிவாக. சமையலறை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. மூடிமேல் கரண்டி நிமிர்ந்து கிடந்தது. நல்லவேளை, சரியான நேரத்துக்கு வந்தோம் என்று உப்பை அள்ளிப் போட்டாள், கிளறினாள், கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது நாத்தனார் அடுப்பருகே நின்றிருந்தார். கரண்டியைக் குழாயில் கழுவித் துடைத்து, மூடிமேல் அழகாக நிமிர்த்தி வைத்தார்.

"என்ன பழக்கமோ போ! எத்தனை தடவை கழுவி வெச்சாலும் யாராவது வந்து குப்புறப் போட்டுட்டுப் போறீங்க."

அவள் கரண்டியையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எத்தனை தடவை கழுவினீங்க அண்ணி?"

"இது மூணாவது."

"ஏய், நீ உப்பு போட்டியா?" என்று மகளைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"அத்தை வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேனேம்மா" என்று பெரியவள் படிப்பறையிலிருந்து வந்தாள்.

"நானும் போட்டேனே!" என்றான் கணவன்.

வாலு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தபின் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நாத்தனார் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் துடைத்த துணியோடு நின்றார். "அக்கா, நீ செஞ்ச வேலையாலதான்..." என்று கணவன் ஆரம்பித்தான். பழியை அங்கே இறக்கிவைத்துவிட்டு அவளும் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பழி போட்டால் யாருக்கு வயிறு நிறையும்? வந்தவர் பட்டினியாகத் திரும்பினால் தோற்றது அவள்தான்.

"பேச்சு அப்புறம். எல்லாரும் பசியோட இருக்கோம்" என்றாள்.

அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவன் அலமாரியிலிருந்து இன்னொரு பானையை இறக்கிச் சூப்பில் பாதியை அதில் மாற்றினான். பெரியவள் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். வாலு பலகைமேல் ஏறி நின்று உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சீவித் தள்ள, அவள் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டாள். அந்தக் குறுகிய சமையலறையில் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நகர்ந்தார்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் வேண்டியதைக் கொடுத்தார். சட்டென்று அவளுக்கு ஒன்று உறைத்தது: இத்தனை நாளில் நால்வரும் ஒன்றாக நின்று சமைப்பது இதுதான் முதல் தடவை. பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. சந்தோஷம் தாங்காமல் சிரித்தாள்.

"தோலை எங்க போடுற? தரையிலயா?" என்று மகனை அதட்டினாள்.

"அவசரத்துக்கு எல்லாம் சரிதாம்மா!"

கிழங்கு வெந்ததும் பெரியவள் முதலில் ருசி பார்த்தாள். பிறகு வாலு. பிறகு கணவன். கடைசியில் கரண்டி நாத்தனாரிடம் போனது. அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். நாத்தனார் தட்டை ஒருமுறை நீட்டினார், இன்னொரு முறையும் நீட்டினார். வாலு அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மேசைக்கடியில் காலால் இடித்தும் திரும்பவில்லை. எடுத்துவைத்த பாதிச் சூப்பு அலமாரிமேல் ஆறிக்கொண்டிருந்தது. தண்ணீரும் கிழங்கும் சேர்த்தால் நாளைய சாப்பாடும் தயார்.

கை கழுவிவிட்டு வந்த நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பிள்ளைங்க விஷயம்..." என்று இழுத்தார். அவள் பெரியவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வந்து என்ன பண்ணப்போகுதுங்க? என் வீட்டுல நான் ஒருத்தி. அரைப்படி அரிசி வடிச்சு ரெண்டு நாள் தின்னுட்டிருக்கேன்." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "வியாழக்கிழமையானா நான் இங்க வந்துடுறேன். உக்காந்து சாப்பிட மாட்டேன். எனக்கும் ஒரு வேலை குடு."

கணவன் அவளைப் பார்த்தான். "யோசிக்கலாம்க்கா" என்றாள் அவள், அவன் குரலிலேயே. அவன் காது சிவந்துபோனது. பிறகு சிரித்துக்கொண்டே நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "வாங்க அண்ணி. கிழங்கு சீவுங்க, தக்காளி நறுக்குங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"கரண்டிய மட்டும் தொடாதீங்க அத்தை!" என்றான் வாலு.