வலது முன்கொம்பு

விடிந்ததிலிருந்து யேசுதாஸ் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், படகில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் குடித்தே பழகிய உடம்பு. குடிக்காவிட்டால் ஒழுகாது என்று நினைத்துக்கொண்டார், கிறுக்கு மனுஷன். அன்றைக்கு அந்தோணியார் சப்பரம் தூக்க வேண்டும்.

போன வருஷம் புற்றுநோய் என்று புராஸ்டேட்டை எடுத்தார்கள். அப்புறமும் ரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. ஏறவே, மதுரையில் முப்பத்துமூன்று நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். இப்போது அது அடங்கிவிட்டது. கரண்டு வைத்ததில் வந்த எரிச்சலும் வயிற்றுப்போக்கும் போயே போச்சு. மூத்திரம்தான் அடங்கவில்லை. வேட்டிக்குள் பேடு வைத்துக்கொண்டு, ஊருக்கு முதுகுவலி என்று சொல்லித் திரிந்தார். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கடுத்து இன்னும் முட்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யார் கேட்டது?

சப்பரத்தைத் தோளில் தாங்கும் கொம்புகளில் வலது முன்கொம்பு அவர் குடும்பத்து உரிமை. கோயில் வாசலில் தூக்கினால் கடற்கரையில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் கொம்பை விட்டவனுக்கு மறுவருஷம் கொம்பு கிடையாது.

பாதித் தெருவில் அவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. பேடு நனைந்து கனத்தது. பக்கத்திலேயே அவர் மனைவி ஜெபமாலை, புருஷன் முகத்தைப் பார்த்தபடி, கையில் துணிப்பையோடு நடந்து வந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சப்பரத்த இங்கன இறக்குங்கப்பா" என்றார் யேசுதாஸ், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "முதுகுவலின்னு சொன்னது பொய். புத்துநோய்க்குக் கரண்டு வச்ச உடம்பு, மூத்திரம் நிக்க மாட்டேங்குது. போயிட்டு வந்து நான்தான் தூக்குவேன்."

மேளம் நின்றது. எல்லோரும் இடது முன்கொம்பிலிருந்த ரெமிஜியுஸைப் பார்த்தார்கள். ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் அவர் வாயில்தான் இருக்கும். அவர் இறக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

எதிர்வீட்டில் பேடு மாற்றி, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு யேசுதாஸ் வெளியே வந்தபோது, வாசலில் ரெமிஜியுஸ் நின்றிருந்தார்.

"எனக்கும் ரெண்டு வருஷமா இதே கததான்" என்றார் மெல்ல. "வீட்டுல கூடச் சொல்லல."

பின்னாலேயே வந்த ஜெபமாலை பைக்குள் கைவிட்டு இன்னொரு பேடை எடுத்து ரெமிஜியுஸிடம் நீட்டினாள். தன் புருஷனைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ரெமிஜியுஸ் உள்ளே போய்ப் பேடு வைத்துக்கொண்டு வரும்வரை ஊரே காத்திருந்தது. பிறகு இருவரும் முன்கொம்புகளைத் தோளில் வாங்கினார்கள்.