புரண்டு படுத்த நிலம்

மாட்டுக்காரியின் வடக்கு மேய்ச்சல் நிலம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தூங்கிப்போனது. குறட்டைச் சத்தம் பால் சேகரிப்பு நிலையம் வரை கேட்டது. முதலில் எல்லோரும் லாரி எடைமேடைக் காவலாளியைத்தான் சந்தேகப்பட்டார்கள். பாவம், அந்த மனுஷர் அன்றைக்கென்று விழித்துக்கொண்டிருந்தார். அவள் கணவர் இருந்தவரை அந்த நிலத்துக்குக் கண்ணயர நேரமே கிடைத்ததில்லை. புல் தலைகாட்டுமுன் மாடுகள் இறங்கி மழித்துவிடும். புல் போன இடத்தில் முள் வந்தது. அவர் முள்ளை முழங்கால் உயரத்தில் வெட்டினார். ஒன்று வெட்டினால் ஐந்து துளிர்த்தது. வேரை விட்டுவிட்டுத் தலையைச் சீவினால் முள்ளுக்கென்ன, முடிவெட்டிக்கொண்ட மாதிரிதான். ஊரே அப்படித்தான் வெட்டியது, ஊரே அப்படித்தான் புலம்பியது.

அவர் இறந்ததும் மாட்டுக்காரி வடக்குக் கதவைப் பூட்டினாள். தெற்குப் பாதியைக் கம்பி கட்டித் துண்டு துண்டாகப் பிரித்து, மாடுகளை ஒன்று மாற்றி ஒன்றில் விட்டாள். வடக்கே வெள்ளாடுகள் மட்டும் போய் முள்ளின் கொழுந்தைக் கடித்துவிட்டு வந்தன. நிலம் தூங்கிய பிறகு அவை நுனிக்காலில் நடந்தன, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேய்ச்சல் சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒரு வருஷம் மாடு இறங்காத நிலம் சங்கத்துக்குச் சொந்தம். ஆடு கணக்கில் வராது. சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான்.

“சும்மா கெடக்குற நெலத்த வச்சிக்கிட்டு என்ன அண்ணி பண்ணப் போறீங்க? கதவத் தெறங்க.”

“சும்மா ஒண்ணும் கெடக்கல தம்பி, தூங்குது. உங்க வீட்டுல யாராவது தூங்குனா, மேல மாட்ட ஏத்துவீங்களா?”

அந்த வருஷம் மழை பொய்த்தது. தெற்கே புல் குறைந்து, அவள் மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. பைத்தியக்காரி என்று காதுபடவே பேசினார்கள். தொழுவத்தில் சினைப்பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுதது உண்மை. பூட்டைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

வருஷம் முடிந்த மறுநாள் காலை, கொழுந்தன் சங்கத்து மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரிங்க அண்ணி, விதின்னா விதிதான்.”

“நெலத்தக் கேக்காம எழுதுன விதி. ஏறி மிதிச்சிட்டுப் போங்க, நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

அவர் பக்கத்து வேலியை வெட்டி, முதல் மாட்டைக் கொம்பைப் பிடித்து உள்ளே இழுத்தார். மாடு குளம்பை வைத்ததுதான் தாமதம், நிலம் எரிச்சலோடு முனகிவிட்டுப் புரண்டு படுத்தது. தொழுவத்து வாளிகள் உருண்டன. புரண்ட வேகத்தில் முட்செடிகள் அத்தனையும் வேரோடு கழன்று, எல்லையைத் தாண்டிக் கொழுந்தனின் நிலத்தில் போய் நட்டுக்கொண்டன. மேலே வந்த பக்கத்தில் புல் இடுப்புயரம் நின்றது. மாடுகள் தாமாகவே திரும்பி வீட்டுக்கு நடந்தன. புல்லைப் பார்த்த சங்கத்தார் இப்போதாவது திற என்று கெஞ்சினார்கள். விதை உதிரட்டும் என்றாள். உதிர்ந்த பிறகுதான் திறந்தாள், அதுவும் தன் மாடுகளுக்கு மட்டும், அதுவும் சில நாட்களுக்கு.

தூங்கும் நிலத்தில் கைவைப்பதில்லை என்று சங்கம் விதியை மாற்றிக்கொண்டது. தூங்கும் நிலத்தருகே லாரிகள் ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் வைத்தார்கள். ஓட்டுநர்கள் ஏனென்று கேட்பதில்லை. அடுத்த கோடையில் கொழுந்தன் கையெல்லாம் முள் கீறலோடு அவள் வாசலில் வந்து நின்றார்.

“நானும் கதவப் பூட்டி மாசக்கணக்காச்சு அண்ணி. கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டே கெடக்குதே, ஏன்?”

அவள் தன் வெள்ளாடுகளில் பாதியை அவர் நிலத்துப் பக்கம் ஓட்டிவிட்டாள்.

“தூங்கும் தம்பி. மொதல்ல அது உங்கள நம்பணும்ல.”