தொண்ணூற்றேழாம் இடம்

ஒர்னெட்டாவின் டிஸ்கோ பாட்டு நாட்டின் முதல் நூறு பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு வந்தபோது, பிலடெல்பியாவில் எங்கள் தெருவுக்கே தலைகால் புரியவில்லை. அவள் மட்டும் உம்மென்று இருந்தாள். நான் அவளுடைய சித்தி மகள் டெல்ஃபீன், மேடையில் பின்பாட்டுக்காரி. அவள் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியும். ஆட்டப் பாட்டெல்லாம் இசைத்தட்டுக் கம்பெனி எழுதிக் கொடுத்தவை. அவளே எழுதிய 'மூணு தெரு' அடுத்த இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. லாண்டரி வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் அவள் அம்மா, என் பெரியம்மா, வீங்கிய முட்டியோடு மூன்று தெரு நடந்து வீடு வருகிற பாட்டு. ரொம்ப மெதுவான பாட்டு.

"அது பட்டியல்ல ஏறிட்டா, அடுத்த ஆல்பம் பூரா உன் பாட்டுதான் கண்ணு," என்று கம்பெனி முதலாளி குரோவ் வாக்குக் கொடுத்திருந்தார். ஏறாவிட்டால், காலம் முழுக்க அவர் கொடுப்பதைப் பாட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் வானொலி நிலையத்துக்குப் போனோம். குரோவ் கொடுத்தனுப்பிய தட்டை உறையோடு அப்படியே நீட்டினோம். முன்பக்கத்து ஆட்டப் பாட்டு ஓடி முடிந்தது. ஒர்னெட்டா மைக்கில் பெருமையாக, "இப்ப வரப்போறது நானே எழுதினது. உக்காந்து கேளுங்க," என்றாள். அறிவிப்பாளர் கிளியோட்டிஸ் தட்டைத் திருப்பி முள்ளை வைத்தார்.

டும் டும் என்று அதே ஆட்டப் பாட்டு!

கிளியோட்டிஸ் மைக்கை அணைத்தார். "இது ரேடியோவுக்குன்னு தனியா அடிக்கிற தட்டு, சிஸ்டர். ரெண்டு பக்கமும் ஒரே பாட்டுதான். நாங்க பின்பக்கத்தப் போட்டுடக் கூடாதுல்ல?"

"அப்ப என் பாட்டு?"

"கடையில விக்கிற தட்டுல இருக்கும். எந்த ஸ்டேஷன்லயும் இருக்காது."

பந்தயத்துக்கு வா என்று கூப்பிட்டுவிட்டுச் செருப்பை ஒளித்து வைத்த கதைதான். ஒர்னெட்டா அழுவாள் என்று நினைத்தேன். "முள்ளத் தூக்குங்க, மைக்கப் போடுங்க," என்றாள். வாத்தியம் ஒன்றுமில்லாமல், மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு, முழுப் பாட்டையும் பாடினாள். நான் பின்பாட்டு எடுத்தேன். முடிப்பதற்குள் டெலிபோன் விடாமல் அலறியது.

மறுநாள் பெண்கள் கடைகளுக்குப் போய், "அந்த மெதுவான பக்கம் இருக்குற தட்டு குடுப்பா," என்று கேட்டு வாங்கினார்கள். பட்டியல் போடும் பத்திரிகை, எது விற்கிறது என்று கடைகளுக்குப் போன் போட்டு விசாரிக்கும். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் அத்தனை பேரும் பின்பக்கத்தின் பெயரைச் சொன்னார்கள். 'மூணு தெரு' தொண்ணூற்றேழாம் இடத்தில் ஏறியது. அடுத்த வாரமும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த வாரம் ஆளைக் காணோம்.

குரோவ் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"தொண்ணூத்தேழெல்லாம் ஒரு இடமா, கண்ணு? ஆனா நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. அடியில டிரம்ஸப் போட்டு வேகத்த ரெட்டிப்பாக்கு. முதல் பத்துல நிக்கும். ஆல்பம் உன்னோடது."

எனக்கே ஒரு நொடி நாக்கில் எச்சில் ஊறியது.

"முடியாது," என்றாள் ஒர்னெட்டா. "எங்கம்மா முட்டி அந்த வேகத்துல நடக்காது."

"அப்ப கம்பெனி கார் சாவிய வச்சிட்டுக் கெளம்பு. மூணாம் இடத்துல இருந்தவ, இனிமே உன்னை யார் திரும்பிப் பாக்குறான்னு பாக்குறேன்."

சாவி மேஜையில் விழுந்த சத்தத்தில் குரோவே திடுக்கிட்டார்.

"மூணாம் இடத்துக்கு அந்தப் பாட்ட நீங்க தோள்ல தூக்கிட்டுப் போனீங்க, மிஸ்டர் குரோவ். என் பாட்டு, நீங்க கால ஒடிச்சு விட்டப்புறமும் தொண்ணூத்தேழு வரைக்கும் தானா நடந்து போச்சு. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க!"

பதிலுக்குக் காத்திருக்காமல் இருவரும் வெளியே வந்தோம்.

பஸ்ஸில்தான் வீடு திரும்பினோம். இறங்கும்போது தூறல் போட்டது.

"வேகமா நடடி, தொப்பி நனையுது," என்றேன்.

"நனையட்டும்டி," என்றாள். மூன்று தெருவையும் பெரியம்மாவின் நடையிலேயே நடந்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். இரண்டாம் தெருவில் நானும் பின்பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.