மழையோடு சேராத வரிசை

வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அந்தப் படத்துக்கு நேர் கீழே வைத்தது பெரிய டீச்சர்தான். மேசையைத் தானே இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பதிவேட்டை நடுவில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இப்பப் பாரும்மா, எப்படி இருக்கு! அவர் உள்ள வந்ததும் கண்ணு நேரா இங்கதான் போகணும்” என்றார். அந்த நொடியில்தான் நான் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். மேலே, சுவரில், பிள்ளைகள் எண்ணி எழுதிய படம். கீழே, மேசையில், நான் எழுதிய பதிவேடு. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

மணி எட்டே முக்கால். கல்வி அதிகாரி ஒன்பதரைக்கு வருகிறார். பள்ளி முழுவதையும் பார்க்க அல்ல, என் நான்காம் வகுப்பை மட்டும் பார்க்க. ‘பாடங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒன்றோடொன்று சேர்த்துச் சொல்லித் தருகிறோம்’ என்று பெரிய டீச்சர் பெருமையாக எழுதிப் போட்ட கடிதத்தின் பலன் அது. கடிதத்தில் என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. என் வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்ததால் நானும் அந்தக் கடிதத்தைப் படித்துப் பூரித்துத்தான் போனேன்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு நிழல். மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, காலையில் நிழல் எவ்வளவு, மதியம் எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன். அளந்தார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒருத்தி, “மிஸ், கணக்கு நோட்டு கிளாஸ்ல இருக்கு” என்றாள். கழித்தல் நீல அட்டை நோட்டில் இருக்கிறது, நிழல் பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது, பச்சை நோட்டில் எப்படிக் கழிப்பது? எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அழுகை மாதிரி ஏதோ வந்தது. நான்கு வருடமாக இவர்கள் தலைக்குள் நாங்கள் சுவர் மேல் சுவராகக் கட்டி வைத்திருக்கிறோம். மணி அடித்தால் ஒரு கதவை மூடிவிட்டு அடுத்த கதவைத் திறக்கிறார்கள்.

அதனால்தான் மழைப் படம். ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டி, அளவுகோலை ஒட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்தோம். தினமும் காலையில் ஒரு குழு மழையை அளக்கும், இன்னொரு குழு வாசலில் நின்று வந்தவர்களை எண்ணும். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டியதில் நீலக் கோடு மழை, சிவப்புக் கோடு தலைகள். நீலம் ஏறினால் சிவப்பு இறங்குவதைக் கண்டுபிடித்த அன்று வகுப்பே கூத்தாடியது. அதோடு விடவில்லை. யார் யார் வரவில்லை என்று பார்க்க ஆளுக்கொரு வரிசை போட்டு, வராத நாளில் கறுப்புப் புள்ளி வைத்தார்கள். பிறகு தெருக்களின் வரைபடத்தைப் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்தந்த வரிசைக்கு நூல் கட்டினார்கள். மழை நாளில் புள்ளி விழுகிற வரிசைகளின் நூல்கள் எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. “அங்க பாலத்துல தண்ணி ஏறிடும் மிஸ், அதான்!” நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

இதில் பாதி வேலை வக்கீலுடையது. ஒன்பது வயது, முன்பல் ஒன்று இல்லை, எதைச் சொன்னாலும் “அது எப்படி மிஸ்?” என்று எழுந்து நிற்பாள். ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர் எப்படியோ வெளியே கசிந்து, இப்போது அவளே நோட்டில் ‘வக்கீல்’ என்று எழுதிக்கொள்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள்தான் வந்து சொன்னாள்: “மிஸ், கடைசி வரிசை மட்டும் மழையோட சேரல.”

கடைசி வரிசை மின்னலுடையது. வருவாள், மறைவாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். “நல்லாக் கவனிச்சிருக்க. ஏன்னு யோசி” என்றேன். மறுநாளே பதிலோடு வந்தாள். “ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மிஸ். அவங்க அம்மாக்குக் காலை ஷிப்ட் வர்ற வாரம் தம்பியைப் பாத்துக்க ஆள் இல்ல. நாங்க போறப்ப ஜன்னல்ல அவனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பா.” நான் கை தட்டினேன். வகுப்பையும் தட்டச் சொன்னேன். இதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் எனக்கு அது முன்பே தெரியும். மின்னலின் அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். பருவம் தொடங்கிய புதிதில் ஒரு மதியம் வந்து வாசலிலேயே நின்றாள். விரல் நுனிகள் மருந்துத் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. “நான் என்ன பண்ணட்டும் டீச்சர், சின்னவன் நடக்க ஆரம்பிச்சிட்டான். கட்டிப் போட்டுட்டா போக முடியும்? பேரை மட்டும் எடுத்துடாதீங்க” என்றாள். நூற்றுக்கு எழுபது நாளாவது வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு, காத்திருக்கிற அடுத்த பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. பெயர் போனால் இவளுக்கு வேறு பள்ளி கிடையாது. அந்தத் தம்பிதான் பள்ளி, அந்த ஜன்னல்தான் வகுப்பு. “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த காலை ஷிப்ட் வாரத்தில் அவள் பெயருக்கு நேரே ‘வந்தாள்’ என்று குறி போட்டேன். கணவரிடம் சொன்னபோது, “உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றார். வேண்டாத வேலையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிவேடு எழுதுகிறபோது நான் பதிவேடு எழுதுகிறவள். படத்தின் முன் நிற்கிறபோது படம் பார்க்கிறவள். இரண்டு மாதம், தினமும், பத்து நிமிட வித்தியாசத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே வகுப்பைப் பற்றியவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டேன், பெரிய இவள் மாதிரி.

“என்னம்மா முகம் வெளிறிக் கெடக்கு? சாப்பிட்டியா?” என்றார் பெரிய டீச்சர்.

“பதிவேடு இங்க எதுக்குங்க? அழுக்காயிடும். ஆபீஸ்லயே இருக்கட்டுமே.”

“அவர் கேப்பாரும்மா. கையோட இருந்தா நல்லதுதானே” என்று சொல்லிவிட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்லப் போய்விட்டார்.

நான் ஜன்னலுக்குப் போனேன், திரும்பி மேசைக்கு வந்தேன், மறுபடி ஜன்னலுக்குப் போனேன். படத்தைக் கழற்றிவிடலாம், ஆனால் அவர் வருவதே அதற்காக. புள்ளிகளை அழித்துவிடலாம், ஆனால் அவை மை. பதிவேட்டில் தேநீரைக் கொட்டிவிடலாம் என்று கூட யோசித்தேன். கோப்பையைக் கையில் எடுத்தும் விட்டேன். குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து மின்னலின் பெயருக்கு நேரே விரலை வைத்து, எத்தனை நாள், எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் விரல் நிற்கவில்லை. இந்த வாரமும் காலை ஷிப்ட்தான். திங்கட்கிழமைக்குக் குறி போட்டிருந்தேன், நேற்றைக்கும் போட்டிருந்தேன்.

“மிஸ், மழை இன்னிக்கு நாலு மில்லிமீட்டர்” என்று என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு குரல். வக்கீல். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் விரலைப் பார்த்தாள். விரல் நின்ற பெயரைப் பார்த்தாள். பெயருக்கு நேரே போகிற குறிகளைப் பார்த்துக்கொண்டே போய், மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரில் கடைசி வரிசையின் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். ஒரு பிள்ளை இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறபோது அதன் முகத்தில் நடப்பதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அன்று பார்க்கப் பயமாக இருந்தது.

“அந்த சார் பாத்தா அவ பேரை எடுத்துடுவாங்களா மிஸ்?”

ஒரே கேள்வி. நேராக அங்கேயே வந்து நின்றுவிட்டாள்.

“தெரியலடா” என்றேன். மணி அடித்தது. அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு பெஞ்சாக நின்று நின்று, குனிந்து குனிந்து காதில் ஏதோ சொல்லிக்கொண்டே போனதை, கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். இன்றைக்கு மட்டும் மின்னலுக்கு ‘வரவில்லை’ என்று குறி போட்டேன். அதற்கு மட்டும் புத்தி வேலை செய்தது.

வந்த அதிகாரி சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். மனிதர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னார். படத்தின் முன்னால் போய்க் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். நூல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வாய்க்கால் வரை போனார். அந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்த முதல் பெரியவர் அவர்தான். அவர் மேல் எனக்கு மரியாதை வந்ததும், அதே மூச்சில் அவர் எங்கேயாவது வழுக்கி விழுந்து இன்றைய ஆய்வு நின்றுபோகக் கூடாதா என்று நினைத்ததும் உண்மை.

“யார் எனக்கு இதைச் சொல்லப் போறீங்க?”

வக்கீல் எழுந்து வந்தாள். பாட்டில், அளவு, தலைகள், பாலம் என்று கணீரென்று சொன்னாள். கடைசி வரிசைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டாள். பெரிய டீச்சர் பூரித்துப்போய் என் கையைக் கிள்ளினார்.

“பிரமாதம்” என்றார் அதிகாரி. “இந்தப் பதிவேடும் அதே வகுப்புதானே? ரெண்டையும் சேர்த்துப் பாத்தா அது இன்னொரு பாடம். சொல்லும்மா, பன்னிரண்டாம் தேதி எத்தனை பேர்?” சந்தேகமே இல்லாத குரல். விளையாடுகிற குரல்.

“இருபத்திரண்டு சார்.”

அவர் பேனா முனையால் எண்ணினார். “இங்க இருபத்திமூணு. பதிமூணாம் தேதி?”

“இருபத்தஞ்சு.”

“இருபத்தாறு.” அவர் இன்னொரு தேதியை அவளைக் கேட்காமலேயே பார்த்தார். பிறகு இன்னொன்று. விளையாட்டு அவர் முகத்திலிருந்து மெல்லப் போயிற்று. “யாரும்மா எண்ணினது?”

“நான்தான் சார்” என்றாள் வக்கீல். “தப்பா எண்ணிட்டேன்.”

“பாத்த நாள் எல்லாம் ஒண்ணே ஒண்ணு தப்பாவா?”

“ஆமா சார்.” காது மடல் சிவந்திருந்தது. “எனக்குக் கணக்கு வராது சார்.”

இதைக் கேட்டு வகுப்பு சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. தெரிந்த ஒன்றை, சரியாகத் தெரிந்த ஒன்றை, அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். இவள் இப்படி நிற்கவா நான் அந்தக் குச்சியை மைதானத்தில் நட்டேன்? வேலை, நான்கு மாதம், கடிதம் எல்லாம் அந்த நிமிடம் எங்கேயோ போய்விட்டன. மின்னலும் நினைப்பை விட்டுப் போய்விட்டாள் என்பதுதான் நான் செய்த பாவம்.

“இல்லீங்க சார்” என்றேன். “அவ எண்ணினது சரி. எல்லா நாளும் சரி. தப்பாப் பதிவேடு எழுதினது நான்.”

பெரிய டீச்சரின் கை என் கையை விட்டது. வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி துளியும் இல்லை. மின்னலை முழுசாகக் காப்பாற்றி முடிக்கப்போகிற நேரத்தில் அவளைக் காட்டிக் கொடுத்துவிட்ட ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. விடுவிடுவென்று போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு படத்துக்குப் போனார். புள்ளிகளையும் குறிகளையும் மாறி மாறிப் பார்த்து, அவராகவே கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தார். விரல் ஒரு வாரத்தைத் தாண்டியது, நின்றது, மறுபடி தாண்டியது.

“இது மழை இல்லையே” என்றார், தனக்குத்தானே. பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. “இந்தப் பொண்ணு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஏன் வரதில்ல? யாருக்காவது தெரியுமா?”

அன்று வந்திருந்த பிள்ளைகளில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. மழைக்கும் பாலத்துக்கும், சலவை வேலைக்கும் ஜன்னலுக்கும், பதிவேட்டுக்கும் அவள் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அவர் காத்திருந்தார். வாசல் பக்கத்துப் பெஞ்சிலிருந்து சுவரோரப் பெஞ்ச் வரை கண்ணை ஓட்டினார். ஒரு கையும் மேலே எழவில்லை. முதல் பெஞ்சில், ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்டால் கூடப் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிடுகிற ஒருத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.